யாருக்குச் சிலை, யாருக்குக் கல்?

(பலெர்மோவில் எங்கட வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசின மொழியைப் பெரிதாகத் திருத்தவில்லை.)



எங்கட வட்டத்துக்குள்ள சில மாதமாக ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கு. 40 வருசமாகத் தமிழர் வாழுற இந்த நகரத்தில எங்கட நினைவாக ஒரு கல்லாவது இருக்கவேணும், நகரசபையிட்டக் கேப்பம் எண்டு. எல்லாருக்கும் சம்மதம். "யாருடைய பெயர்?" எண்ட கேள்வி வந்த உடனதான் சண்டை தொடங்கினது. அந்தச் சண்டையை நான் நல்ல விசயமாகத்தான் பார்க்கிறேன். அதைக் கொஞ்சம் விசயம் தெரிஞ்சு பிடிப்பம் எண்டுதான் இண்டைக்குப் பேச வந்தனான்.

என்னுடைய வாதத்தை முதலே சொல்லிவிடுகிறேன். ஒரு நினைவுச்சின்னத்தில் இறந்தவரின் வாழ்க்கையைவிட, அதை வைத்தவரின் தேவைதான் கூடுதலாகத் தெரியும். ஆகவே சிலையைப் பார்த்தால் "இவர் யார்?" என்று மட்டும் கேட்டுப் போதாது. எப்ப வைத்தார்கள், எந்த ஆட்சியில், இவருக்கு இடம் கொடுக்க யாரை வெளியில விட்டார்கள் என்றும் கேட்கவேணும். இதை விளங்கிக்கொள்ளச் சிசிலியைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

ஒரே தேவாலயத்தில் இரண்டு பேர்

சான் தொமேனிக்கோ தேவாலயம் எல்லாருக்கும் தெரியும். வுச்சிரியா சந்தைக்குப் பக்கத்தில. சிசிலியின் பெரிய மனிதர்களை அடக்கம் செய்யிற இடம் அது. அங்கே இருக்கிறவர்களில் இரண்டு பேரை மட்டும் எடுப்பம்.

ஒருவர் ஃபிரான்செஸ்கோ கிறிஸ்பி. 1860இல் கரிபால்டியின் ஆயிரம் பேரோடு சிசிலிக்கு வந்த புரட்சிக்காரர். பிறகு இத்தாலியின் பிரதமர். பலெர்மோவில் அவருக்குச் சிலை இருக்கு, சதுக்கம் இருக்கு, துறைமுகத்தை ஒட்டிப் போற பெரிய றோட்டும் அவருடைய பெயரில்தான்.

அந்த றோட்டில போறவர்களுக்கு ஒரு பலகையும் சொல்லாத விசயம் இது: 1890களின் தொடக்கத்தில் சிசிலியின் விவசாயிகளும் கந்தகச் சுரங்கத் தொழிலாளரும் சங்கங்களாகத் திரண்டார்கள். அந்தச் சங்கங்களுக்கு 'ஃபாஷி' எண்டு பெயர், கட்டுகள் என்று பொருள். முசோலினி அந்தச் சொல்லைப் பிறகுதான் எடுத்தான், இவர்கள் சோசலிஸ்டுகள். பெண்களும் பெருமளவில் சேர்ந்தார்கள். குத்தகையில் நியாயமான பங்கு வேணும், வரியைக் குறைக்கவேணும், இதுகள்தான் அவர்களுடைய கோரிக்கை. 1893இல் கொர்லெயோனேயில் கூடி ஒரு குத்தகை ஒப்பந்தத்தையே எழுதினார்கள்.

1894 ஜனவரியில் பிரதமர் கிறிஸ்பி தன் சொந்தத் தீவில் முற்றுகை நிலையை அறிவித்தார். ஆயிரக்கணக்கில் படை இறங்கியது. சங்கங்கள் கலைக்கப்பட்டன. இராணுவ நீதிமன்றம் தலைவர்களுக்கு 12 வருசம், 18 வருசம் எண்டு சிறை கொடுத்தது. இரண்டு வருசத்தில், 1896இல், எதியோப்பியாவின் அட்வாவில் இத்தாலியப் படை தோற்றபோதுதான் கிறிஸ்பியின் ஆட்சி விழுந்தது. தன் மக்களுக்கு எதிராக ஒரு படை, ஆபிரிக்காவுக்கு எதிராக ஒரு படை. அவருக்குத்தான் சிலை.

சிறைக்குப் போனவர்களில் ஒருவர் கொர்லெயோனேயின் பெர்னார்தீனோ வெர்ரோ. வெளியில வந்து திரும்பவும் விவசாயிகளோடு நின்றார், 1914இல் கொர்லெயோனேயின் மேயரானார், 1915 நவம்பரில் மாஃபியா அவரைச் சுட்டுக் கொன்றது. 1917இல் ஊரில அவருக்கு ஒரு மார்பளவுச் சிலை வைத்தார்கள். 1925இல், ஃபாசிச ஆட்சியில், அது காணாமல் போனது. 1992இல் புதிதாக ஒன்று வைத்தார்கள். 1994இல் அதை அடித்து உடைத்தார்கள். கிறிஸ்பியை அசைக்க ஒருவருக்கும் அவசியம் வரவில்லை. வெர்ரோவோ செத்து 80 வருசத்துக்குப் பிறகும் யாரையோ பயப்படுத்திக்கொண்டிருந்தார்.

சான் தொமேனிக்கோவில் இருக்கிற மற்றவர் ஜொவான்னி ஃபால்கோனே. 1992 மே 23ஆம் திகதி கப்பாச்சியில் நெடுஞ்சாலையைக் குண்டு வைத்துத் தகர்த்து, அவரையும் மனைவியையும் மூன்று காவலர்களையும் கொன்றார்கள். 2015இல்தான் அவருடைய உடலை இந்தத் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். நாங்கள் விமானத்தில் வந்து இறங்குற நிலையம் அவருடைய பெயரிலும், 57 நாளுக்குப் பிறகு கொல்லப்பட்ட பாவ்லோ போர்செல்லீனோவின் பெயரிலும் இருக்கு. நல்லது. வேண்டாம் எண்டு நான் சொல்லவில்லை.

ஆனால் 1988 ஜனவரியை மறக்கக்கூடாது. பலெர்மோவின் விசாரணை அலுவலகத்துக்குத் தலைமை தாங்க அவரைவிடத் தகுதியானவர் இல்லை என்றிருந்தபோது, நீதித்துறை உயர் சபை வாக்கெடுத்து வேறொருவரைத் தேர்ந்தெடுத்தது. உயிரோடு இருந்த ஃபால்கோனேயைத் தோற்கடித்த அதே அரசுதான், இறந்த ஃபால்கோனேக்கு வருசாவருசம் மலர்வளையம் வைக்குது. இறந்தவர் கேள்வி கேட்கமாட்டார். அதனால்தான் அதிகாரத்துக்கு இறந்தவர்களோடு வேலை செய்ய வசதி.

இன்னொரு ஃபால்கோனே நினைவிடமும் இருக்கு. நொத்தார்பர்த்தோலோ வீதியில் அவர் வாழ்ந்த வீட்டுக்கு முன்னால நிற்கிற மரம். கொலைக்குப் பிறகு சனங்கள் தாங்களாகவே வந்து கடிதம், படம், துண்டுக் கடுதாசி எல்லாத்தையும் அதில ஒட்டத் தொடங்கினார்கள். அந்த மரத்தை எந்த அமைச்சும் நடவில்லை. சான் தொமேனிக்கோவையும் அந்த மரத்தையும் ஒரே நாளில போய்ப் பாருங்கோ. ஒரே மனிதர்தான், இரண்டு அரசியல்.

ஒரு விமான நிலையம் மூன்று தடவை பெயர் மாறின கதை

இப்ப சிசிலியின் தென்கிழக்குக்குப் போவம். கோமிசோ.

ஃபாசிசக் காலத்து விமானத்தளம் அது. வின்சென்சோ மல்யோக்கோ எண்ட விமானப்படை ஜெனரலின் பெயரை அதுக்கு வைத்திருந்தார்கள். பலெர்மோவில் பிறந்தவர், எதியோப்பியாவை ஆக்கிரமித்த படையில் இருந்தபோது 1936 யூனில் அங்கே கொல்லப்பட்டவர். அதாவது இன்னொருவருடைய நாட்டைப் பிடிக்கப் போய், அந்த நாட்டவரால் கொல்லப்பட்ட 'வீரர்'. பலெர்மோவின் நடுவிலும் அவருடைய பெயரில் ஒரு வீதி இருக்கு. அதால நடக்கிறபோது ஒருக்கா நிமிர்ந்து பலகையைப் பாருங்கோ.

1980களில் அந்தத் தளத்தில் அமெரிக்கா 112 குரூஸ் அணு ஏவுகணைகளை வைக்கத் திட்டமிட்டது. அதை எதிர்த்துச் சிசிலியைத் திரட்டியவர் பியோ லா தோர்ரே. பலெர்மோவுக்கு வெளியில ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், 1950இல் நிலத்தைக் கைப்பற்றிய விவசாயிகளோடு நின்று சிறைக்குப் போனவர், கம்யூனிஸ்ட் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். மாஃபியாவில் இருப்பதையே தனிக் குற்றமாக்கி, அதன் சொத்தைப் பறிமுதல் செய்கிற சட்டத்தை முன்மொழிந்தவரும் அவர்தான். 1982 ஏப்ரல் 4ஆம் திகதி கோமிசோவில் ஏவுகணைக்கு எதிராக மாபெரும் ஊர்வலம் நடந்தது. ஏப்ரல் 30ஆம் திகதி பலெர்மோவில் அவரையும், அவரோடு வாகனத்தில் இருந்த தோழர் றொசாரியோ தி சால்வோவையும் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய சட்டம் அந்த வருசம் செப்டெம்பரில்தான் நிறைவேறியது. அதுவும் ஜெனரல் தல்லா கியேசாவையும் கொன்ற பிறகு.

ஏவுகணைகள் போன பிறகு அந்த இடத்தைப் பயணிகள் விமான நிலையமாக்கினார்கள். 2007இல் அதுக்கு லா தோர்ரேயின் பெயரை வைத்தார்கள். பொருத்தம்தானே? எந்த ஓடுபாதையில் ஏவுகணை வரக்கூடாது எண்டு போராடினாரோ, அந்த ஓடுபாதைக்கே அவர் பெயர். 2008இல் வலதுசாரிகள் நகரசபையைப் பிடித்தார்கள். பெயரை எடுத்துவிட்டுத் திரும்பவும் மல்யோக்கோ எண்டு வைத்தார்கள். எதிர்ப்பு விடாமல் நடந்தது. ஆட்சி மாறிய பிறகு 2014இல் திரும்பவும் பியோ லா தோர்ரே.

இந்த ஏழு வருசத்தில் இறந்த இரண்டு பேரைப் பற்றியும் புதிதாக ஒரு உண்மையும் வெளிவரவில்லை. மாறியது நகரசபையின் பெரும்பான்மை மட்டும்தான். "தேசத்தின் நினைவு" என்று சொல்லுறது எவ்வளவு லேசான பொருள் பாருங்கோ, ஒரு தேர்தலில கழற்றலாம், அடுத்த தேர்தலில பூட்டலாம். அதே நேரம் இதில ஒரு நம்பிக்கையும் இருக்கு: எதிர்த்தவர்கள் விடாமல் நின்றபடியால்தான் அந்தப் பெயர் திரும்ப வந்தது.

'தேசிய காரியம்' எண்ட ஓட்டை

வீதிக்குப் பெயர் வைக்க, கல் வைக்க இத்தாலியில் ஒரு சட்டம் இருக்கு. 1927ஆம் ஆண்டின் 1188ஆம் இலக்கச் சட்டம். முசோலினி காலத்தது, இண்டைக்கும் நடைமுறையில் இருக்கு. இறந்து 10 வருசம் ஆகாத ஒருவரின் பெயரில் வீதியோ பொது இடத்தில் நினைவுச்சின்னமோ வைக்கக்கூடாது என்பது விதி. வாசிக்க நல்ல விதிபோல இருக்கும். அவசரப்படாதே, காலம் தீர்மானிக்கட்டும் என்கிற மாதிரி.

ஆனால் நினைவுச்சின்னங்களுக்கான விலக்கைப் படியுங்கோ. போரில் இறந்தவர்களுக்கும் 'தேசிய காரியத்துக்காக' இறந்தவர்களுக்கும் இந்த 10 வருசம் பொருந்தாது. எது தேசிய காரியம் எண்டு 1927இல் யார் தீர்மானித்திருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. எதியோப்பியாவில் செத்த ஜெனரல் தேசிய காரியம். கொர்லெயோனேயில் செத்த விவசாயி தேசிய காரியம் இல்லை. ஒருவருக்கு உடனே கல், மற்றவர் காத்திருக்கவேணும். அந்தக் காத்திருப்புக்குள்ள அவரைத் தெரிந்தவர்களும் செத்துப்போவார்கள்.

எல்லா நாட்டிலும் இந்தச் சட்டம் எழுதி வைத்திருக்காது. ஆனால் எல்லா நாட்டிலும் இந்த விலக்கு இருக்கு.

எங்கட பக்கம்

கொழும்பு சுதந்திர சதுக்கத்தில் டி.எஸ். சேனநாயக்க நிற்கிறார், 'தேசத் தந்தை'. அவருடைய அரசுதான் 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் இலட்சக்கணக்கான மலையகத் தொழிலாளரை நாடற்றவர் ஆக்கியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டுக் கொன்ற கோவிந்தன் எண்ட தொழிலாளிக்கு அந்தச் சதுக்கத்தில் இடமில்லை. தொழிற்சங்கக்காரரும் இடதுசாரிகளும்தான் அந்தப் பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

2009க்குப் பிறகு வடக்கில் என்ன நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் துயிலும் இல்லங்களை இடித்தார்கள். கோப்பாயில் அந்த நிலத்திலேயே இராணுவத் தலைமையகம் வந்தது. மற்றப் பக்கம் கிளிநொச்சியிலும் ஆனையிறவிலும் புதுக்குடியிருப்பிலும் வெற்றிச் சின்னங்கள். 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மூன்றே நாளில் துணைவேந்தரே வந்து அடிக்கல் நாட்டவேண்டி வந்தது, ஏப்ரலில் புதுத் தூபி நின்றது. 2025 மே மாதம் கனடாவின் பிரம்ப்டனில் நினைவுத்தூபி திறந்தபோது, எத்தனையோ ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்த இலங்கை அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. ஒரு பூங்காவில் நிற்கிற தூபிக்கு ஒரு அரசு ஏன் பயப்படவேணும்? வெர்ரோவின் சிலையை உடைத்தவர்களிடம் கேட்கவேண்டிய அதே கேள்விதான்.

தமிழ்நாட்டையும் பார்ப்பம், ஏனென்றால் அங்கே ஆட்சியில் இருப்பது எங்கட மொழி பேசுறவர்கள். 2018 ஓகஸ்டில் கருணாநிதி இறந்தபோது மெரினாவில் இடம் தரமுடியாது என்றது அப்போதைய அ.தி.மு.க. அரசு. பதவியில் இருக்கிறபோது இறந்த முதலமைச்சர்களுக்குத்தான் அந்தக் கடற்கரை என்பது வாதம். இரவோடு இரவாக வழக்கு, மறுநாள் காலை உயர் நீதிமன்றம் இடம் கொடு என்றது. 1975இல் காமராசர் இறந்தபோது முதலமைச்சராக இருந்தவர் கருணாநிதி. காமராசருக்குக் கிடைத்தது கிண்டி.

இந்தக் கடற்கரைச் சண்டையில் எங்களுக்கு முக்கியமான கேள்வி வேறு. அண்ணா 1969 பெப்ரவரியில் இறந்து மெரினாவில் அடக்கமானார். அதுக்கு 40 நாளுக்கு முன்னால, 1968 டிசம்பர் 25ஆம் திகதி, அவர் முதலமைச்சராக இருந்தபோது, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கொளுத்தியது நிலவுடைமையாளர் கூட்டம். அந்த 44 பேருக்கு நினைவிடம் எழுப்பியது மார்க்சிஸ்ட் கட்சி. தலைவருக்குத் தலைநகரின் கடற்கரை, கூலிக்குத் தன் ஊரின் வயல்கரை. கொடி மாறினாலும் இந்தப் பங்கீடு மாறவில்லை.

எங்கட மண்டபம்

இதுவரைக்கும் சொன்னதுக்கு எல்லாரும் தலையாட்டினீங்கள். இனிச் சொல்லப்போறதுக்கு எல்லாரும் ஆட்டமாட்டீங்கள்.

எங்களுக்குள்ளும் ஒரு '1927 விலக்கு' இருக்கு. எங்கட நிகழ்வுகளில் யாருடைய படத்துக்கு விளக்கு ஏத்துகிறோம்? நவம்பர் 27 ஒரு அமைப்பில் இருந்து இறந்தவர்களின் நாள். அந்தத் தாய்மார் அழுகிறதை நான் கேள்விக்கு உள்ளாக்கவில்லை, அதுக்கு எனக்கு உரிமையும் இல்லை. பிள்ளையின் கல்லறையை இராணுவம் இடித்த ஒரு அம்மாவுக்கு இந்த மண்டபம்தான் கல்லறை. ஆனால் 1986இல் புலிகளால் கொல்லப்பட்ட டெலோ இளைஞர்களுக்கும் அம்மா இருந்தவ. 1989 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்ட ராஜினி திராணகம, இராணுவம் செய்ததையும் இயக்கங்கள் செய்ததையும் ஒரே கையால் எழுதியவர். அவரைக் கொன்றது புலிகள்தான் எண்டு அவரோடு வேலை செய்தவர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் எங்கட எந்தப் பலகையிலும் இல்லை. இவர்களில் ஒருவரும் 'தேசிய காரியம்' இல்லை.

அரசு எங்கட தூபியை இடிக்கிறபோது "நினைவு எங்கட உரிமை" என்கிறோம். சரி. அந்த உரிமையைக் கேட்கிற நாங்கள் எங்கட சுவரில் யாருக்கு இடம் மறுக்கிறோம் எண்டு எண்ணிப் பார்க்காவிட்டால், நாங்களும் கோமிசோ நகரசபைதான். ஆட்சி மட்டும்தான் இல்லை.

சிலர் சொல்லுறீங்கள்: அப்ப தலைவர்களே வேண்டாம், பொதுவாக 'போரில் பலியானவர்கள்' எண்டு போடுவம், ஒருவருக்கும் பிரச்சினை வராது. எனக்கு இதிலும் சம்மதமில்லை. ஒருவருக்கும் பிரச்சினை வராத கல்லால் ஒருவருக்கும் பயன் வராது. லா தோர்ரேயை 'மாஃபியாவுக்குப் பலியானவர்' எண்டு மட்டும் எழுதினால், அவர் கம்யூனிஸ்ட் என்பது போகும், நிலப் போராட்டம் போகும், ஏவுகணை எதிர்ப்பும் போகும். எப்படிச் செத்தார் என்பது மிஞ்சும், ஏன் கொன்றார்கள் என்பது மிஞ்சாது. அரசியலை எடுத்துவிட்ட நினைவும் ஒரு அரசியல்தான், கொன்றவனுக்கு வசதியான அரசியல்.

நான் மாதிரியாக எடுக்கிறது இங்கிருந்து கிட்டத்தில இருக்கிற ஒரு இடத்தை: பொர்தெல்லா தெல்லா ஜினெஸ்ட்ரா. ஃபாஷி காலத்திலிருந்து விவசாயிகள் கூடுகிற மலையிடுக்கு அது. 1894இல் சிறைக்குப் போன மருத்துவர் நிக்கோலா பர்பாத்தோ நின்று பேசின பாறை இப்பவும் இருக்கு. 1947 ஏப்ரலில் பிராந்தியத் தேர்தலில் இடதுசாரிக் கூட்டணி முதலிடம் பிடித்தது. அடுத்த மாதம், மே தினத்துக்குக் கூடிய குடும்பங்கள் மேல கொள்ளைக்காரன் சல்வத்தோரே ஜூலியானோவின் கூட்டம் மலையிலிருந்து சுட்டது. 11 பேர் அந்த இடத்தில் செத்தார்கள், பிள்ளைகளும் அதில் அடக்கம். இண்டைக்கு அங்கே போனால் குதிரையில் இருக்கிற ஒரு தலைவரும் இல்லை. அந்த மண்ணில் பெரிய பெரிய கற்களை நட்டு, இறந்தவர்களின் பெயரைச் செதுக்கியிருக்கிறார்கள். தனி ஒருவருக்குச் சிலை இல்லை. ஆனால் அவர்கள் யார், எதுக்காகக் கூடினார்கள் எண்டு தெரியாமல் ஒருவரும் திரும்பி வரமாட்டார்கள்.

என்ன செய்யலாம்

எங்கட கல்லுக்கு மூன்று விசயத்தை முன்வைக்கிறேன். விவாதிப்பம்.

ஒன்று, தனித் தலைவர் பெயர் வேண்டாம், எந்த இயக்கத்தின் தலைவரும். அடுத்த ஆட்சி கழற்றக்கூடிய பெயர் மட்டுமில்லை, எங்களையே இரண்டாக்கிற பெயரும் அது.

இரண்டு, 'பலியானவர்கள்' எண்டு மட்டும் எழுதவேண்டாம். இலங்கை அரசின் படை 2009இல் செய்ததைச் செய்தது எண்டு எழுதவேணும். எங்கட கையால் கொல்லப்பட்டவர்களையும் விரட்டப்பட்டவர்களையும் அதே கல்லில் எழுதவேணும். இரண்டில ஒன்றை விட்டால் மற்றதும் பொய்யாகும்.

மூன்று, இதைத் தமிழர் மட்டும் போய்க் கேட்கவேண்டாம். இந்த நகரத்தில் எங்கட அம்மா அப்பாமாரோடு வீடு துடைக்கிற, சந்தையில் பெட்டி தூக்குகிற வங்காளிகள், சிங்களவர், முஸ்லிம்கள், ஆபிரிக்கர்களோடு கூடிக் கேட்பம். குடியேறியவர்களின் குரலுக்காக 2013இல் நகரசபை அமைத்த பண்பாடுகளின் ஆலோசனை மன்றம் ஒரு வழி. அவர்களுடைய கல்லும் வரட்டும். மல்யோக்கோ வீதியின் பெயரை மாத்தச் சொல்லி எதியோப்பிய, எரித்திரியத் தோழர்கள் கேட்டால் நாங்கள் முதல் வரிசையில் நிற்பம்.

கல் கிடைக்க வருசங்கள் போகும். அதுவரைக்கும் கல் இல்லாத நினைவும் இருக்கு. மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிறோம்தானே? உப்பும் அரிசியும் தண்ணியும். அதில எந்தத் தலைவரின் முகமும் இல்லை. ஆனால் 2024 மே மாதம் சம்பூரில் அந்தக் கஞ்சியைக் கொடுத்ததுக்குப் பொலிஸ் ஆட்களைக் கைது செய்தது. முகம் இல்லாத நினைவுக்கும் அதிகாரம் பயப்படும் எண்டதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

இந்த முறை மே தினத்துக்குப் பொர்தெல்லாவுக்குப் போவம். ஒவ்வொருவரும் எங்கட கல்லில் வரவேணும் எண்டு நினைக்கிற ஒரு பெயரையும், வரக்கூடாது எண்டு வீட்டில சொல்லி வளர்த்த ஒரு பெயரையும் எழுதிக்கொண்டு வாங்கோ. பர்பாத்தோவின் பாறையில் இருந்து இரண்டையும் வாசிப்பம். வாகனம் ஒழுங்கு செய்யவேணும், வாறவர்கள் இந்த மடலுக்கே பதில் போடுங்கோ.